பாறைமேல் கரண்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம், உன் அத்தையும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக இந்த 'நலம்' என்ற சொல்லை யோசிக்காமல் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இம்முறை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். நான் நலமாக இல்லை என்று, என்னைக் கேட்காமலே, தொலைவிலிருந்து ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இந்தக் கடிதத்தில் அந்தச் சொல்லை என் மறுப்பாக எடுத்துக்கொள். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் என் வாக்கியத்தை நீ முடிக்க விடுவதில்லை, சரியான சொல்லைத் தேடி நான் சற்று நின்றால் அதையும் நோயின் அறிகுறியாக மனத்தில் குறித்துக்கொள்கிறாய். காகிதத்தில் எந்தச் சொல்லுக்காக எவ்வளவு நேரம் நின்றேன் என்பது உனக்குத் தெரியப்போவதில்லை.

நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், வரிசை தவறினால் அதையும் கணக்கில் சேர்த்துவிடுவாய். நானும் அத்தையும் கார் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி, பையைக்கூடப் பிரிக்கவில்லை, மறுநாள் காலையில் ஒரு பெண் போன் செய்தாள். ஏதோ முதியோர் இல்லத்தின் மேலாளராம். தொட்டில் குழந்தையிடம் பேசும் குரலில், அம்மா சாப்டீங்களா, இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பாக்கலாம் என்றாள். உங்கள் மேசையில் நாட்காட்டி இல்லையா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, உங்க பொண்ணு உங்களுக்குன்னு தோட்டத்தைப் பாத்த மாதிரி ஒரு ரூம் சொல்லி வெச்சிருக்காங்க, மறதி இருக்கறவங்களுக்குத் தனிப் பிரிவும்மா, கதவெல்லாம் தானாவே பூட்டிக்கும், பயமே இல்ல என்றாள். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் இடத்துக்கு வேறொரு பெயர் உண்டு, அங்கே போவதற்கு முன்னால் ஏதாவது குற்றம் செய்திருக்க வேண்டும், நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் பொண்ணு பாத்துப்பாங்க என்றாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பெண்ணை உடனே அழைத்தேன். நீ எடுத்த எடுப்பிலேயே அழுதாய். அம்மா, நீ கரண்டியைப் படம் எடுத்திருக்கேம்மா, ஒண்ணு ரெண்டு இல்ல, எந்தப் படத்தைத் திறந்தாலும் கரண்டி என்றாய். உன் மருத்துவத் தோழியிடம் படங்களைக் காட்டினாயாம், அவள் ஆரம்பக் கட்டமாக இருக்கலாம் என்றாளாம், அடுத்த மாதம் நீ வந்து வீட்டை ஒழித்து என்னை அங்கே சேர்த்துவிட்டுப் போவாயாம். நான் விளக்கத் தொடங்கியதும், சரிம்மா, சரிம்மா என்றாய். நீ எனக்கு அறை பார்த்ததைக்கூட மறந்துவிடுவேன், அந்தச் 'சரிம்மா'வை மறக்க மாட்டேன், நினைவாற்றல் அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறது.

இனிக் கரண்டிக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் உன் அம்மா. ஒரு பாறையைப் படம் எடுத்தால் அது மலையா கூழாங்கல்லா என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது, அதனால் அளவு தெரிந்த ஏதாவது ஒரு பொருளை அதன் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரம் சொல்லித்தரும் பாடம் இது. என் வாழ்நாள் முழுவதும் அதற்கு என் சுத்தியலைத்தான் வைத்தேன். சென்ற முறை வந்தபோது, இந்த வயசுல சுத்தியல் எதுக்கும்மா, கால்ல போட்டுக்கப் போறே என்று சொல்லி, உன் நினைவா என்கிட்ட இருக்கட்டும் என்று பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாய். உயிரோடு இருப்பவளிடமிருந்து நினைவுப்பொருள் வாங்கிப் போன முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். கிளம்புகிற அவசரத்தில் சுத்தியல் வைக்கும் இடத்தில் கை வைத்தேன், காற்றுதான் இருந்தது. அத்தை சமையலறையிலிருந்து நீளக் கரண்டியை எடுத்து வந்து, அண்ணி, இது ஆகுமா பாருங்க, அடிச்சா சத்தமும் நல்லா வரும் என்றாள். அவள் தையற்கடை நடத்திய காலத்து அளவு நாடா இன்னும் அவள் பையில்தான் இருக்கிறது. நாடாவையே வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், காற்றில் அது பாம்பு போல நெளிகிறது, படத்தில் எதற்கும் உதவாது. ஆகவே நாடாவால் கரண்டியை அளந்துகொண்டோம். கரண்டி நிமிர்ந்து நின்றது, பளபளத்தது, தூரத்திலிருந்தும் தெரிந்தது. நிலவியலுக்கு அதற்குமேல் ஒரு தகுதி வேண்டாம். நீ சுத்தியலை எடுத்துப் போகாமல் இருந்திருந்தால் படத்தில் சுத்தியல் இருந்திருக்கும், நானும் பைத்தியக்காரியாகி இருக்க மாட்டேன்.

இந்தப் பயணமே அந்தப் படங்களுக்காகத்தான். அலமாரியைத் துடைக்கும்போது என் பழைய கள ஆய்வுப் படங்கள் கிடைத்தன, நீ சிறுமியாக இருந்தபோது பிலிமில் எடுத்தவை. அதே பாறைகளை, அதே இடத்தில் நின்று, இப்போது எடுத்தால் இத்தனை காலத்தில் மழையும் கடலும் என்ன செய்திருக்கின்றன என்று தெரியும் அல்லவா. உன் அத்தைக்கு அருவி பார்க்க வேண்டும், எனக்குப் பாறை பார்க்க வேண்டும், இரண்டும் ஒரே சாலையில் இருந்ததால் சண்டையில்லாமல் கிளம்பினோம். வாடகைக் காரின் ஓட்டுநர் பொறுமைசாலி, ஆனால் எங்களைப் புரிந்துகொள்ள அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அருவியைப் பார்க்கும் மேடையில் வண்டியை நிறுத்தி, இங்கதான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க என்றார். எடுத்தார்கள், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறாத குறையாக, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். நான் வண்டியை விட்டே இறங்கவில்லை. அடுத்த வளைவில், சாலை போடுவதற்காகக் குன்றை இரண்டாக வெட்டிய இடம் வந்தது, உள்ளே மடிந்து மடிந்து கிடக்கும் அடுக்குகள் எல்லாம் நறுக்கிய வெங்காயம் போல வெளியே தெரிந்தன, நிறுத்துங்கள் என்று கத்திவிட்டேன். வண்டியில என்னம்மா சத்தம் கேட்டுச்சு என்று அவர் பதறிப்போய் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். அந்த மடிப்புகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, இதைத் தெச்சவன் இஸ்திரி போடாமலே குடுத்துட்டான் அண்ணி என்றாள். அன்று மாலை தேநீர்க்கடையில் நாங்கள் யாரென்று கேட்டவர்களிடம், ரோடு செக் பண்ண வந்த பெரிய ஆபீசருங்க என்று ஓட்டுநர் மெதுவாகச் சொல்லி வைத்திருக்கிறார், வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான், ஊரில் உள்ள குழிகளைப் பற்றிய புகார்கள் எல்லாம் எங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தன. நான் உண்மையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் உன் அத்தை, ஆவன செய்யப்படும் என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் கொடுத்த இரண்டாவது தேநீரையும் குடித்துவிட்டாள்.

படங்களில் எங்களில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை, பார்வை எங்கோ இருக்கிறது என்று உன் தோழி சொன்னாளாம். பார்வை பாறைமேல் இருக்கிறது. அளவுக்கு நிற்பவர் முகத்தைக் காட்டக் கூடாது, காட்டினால் பார்ப்பவர் முகத்தைத்தான் பார்ப்பார், பாறையைப் பார்க்க மாட்டார். அத்தையை அப்படி நிற்க வைக்க நான் போராட வேண்டியிருந்தது. புதுப் புடவை கட்டிட்டு வந்திருக்கேன், என் முதுகு என்ன அவ்வளவு அழகா அண்ணி என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். நல்ல வேளை, முகத்தைவிடப் பரவாயில்லை என்று ஒரு முறை சொன்னேன், அதன் பிறகு மதியச் சாப்பாடு வரை அவள் என்னிடம் பேசவில்லை. அந்தக் கோபத்தில்தான் என் படங்களை எல்லாம் ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் குடும்பக் குழுவில் கொட்டியிருக்கிறாள். வெறும் கரண்டி, வெறும் முதுகு. நீ பார்த்தது அதைத்தான்.

உன்னை அதிகம் பயமுறுத்தியது எது என்றும் எனக்குத் தெரியும். கடல் அலை கணுக்காலை நனைக்க, செங்குத்தான பாறைச் சுவரைப் பார்த்தபடி, உலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூக்கிய கையில் கரண்டியோடு நான் நிற்கும் படம். கடலுக்குள்ள நின்னு செவத்துக்குக் கரண்டி காட்டறேம்மா என்று அழுதாய். வாக்கியமாகப் பார்த்தால் அழத்தக்கதுதான். இப்போது இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து, உன் வீட்டுக் கூடத்துக்குப் போ. சோபாவுக்கு மேலே சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறாயே, கடற்கரைப் பாறைச் சுவருக்கு முன்னால் ஏழு வயதுப் பெண் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது, அதைப் பார். சின்ன வயசுல அம்மாகிட்ட கோவிச்சுட்டு நிக்கறேன் என்று விருந்தாளிகளிடம் நீ அதைப் பற்றிச் சொல்வாய். நான் உன் வீட்டுக்கு வந்திருந்தபோதும் சொன்னாய், நான்கு பேருக்கு முன்னால் மகளைத் திருத்த வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன். நீ கோபித்துக்கொண்டு நிற்கவில்லை. பிலிம் சுருளில் கடைசிப் படம் அது. திரும்பாதே, அசையாதே, உன் தோளுக்கு நேராக அந்தக் கரிய பட்டை ஓடுகிறது, அதை நான் அளக்க வேண்டும் என்றேன். ஒரு வண்டு உன் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. நீ அழத் தயாராக இருந்தாய், ஆனால் அசையவில்லை. படம் எடுத்த பிறகுதான் அலறினாய். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார், சுவரில் ஓடும் விரிசல்கூட அதேதான். அதே பாறை, அதே இடம், அதே நிலை. அளவுக்கு அன்று நீ நின்றாய், இன்று நான் நின்றேன். அன்று உன் தோளுக்கு நேராக இருந்த கரிய பட்டை இன்று என் தலைக்கு மேலே, கையைத் தூக்கிக் கரண்டியை நீட்டினால்தான் எட்டும் உயரத்தில் இருக்கிறது. அம்மா கூனிப்போய்விட்டாள் என்று உடனே தோழிக்கு எழுதாதே. அடியில் இருந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது, ஏறக்குறைய என் இடுப்பளவு மணல். அன்று நீ உலர்ந்த காலோடு நின்ற இடத்தில் இன்று, கடல் உள்வாங்கும் வேளை பார்த்துப் போயும், தண்ணீரில்தான் நிற்க முடிந்தது.

விபத்தில் அடிபட்ட வண்டிகளின் படங்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுவது உன் உத்தியோகம். ஒரு பக்கமிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது, வண்டிக்காரரிடம் என்ன நடந்தது என்று கேட்காமல் ஒரு வரி எழுதக் கூடாது என்று உன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நீயே வகுப்பெடுக்கிறாய், என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். முன்பின் தெரியாதவரின் நசுங்கிய கதவுக்குக் காட்டும் நியாயத்தைப் பெற்றவளுக்கும் காட்டலாம். பால் பொங்கி அடிப்பிடித்த கதையை நீ எடுப்பாய் என்று தெரியும். பாத்திரம் தீய்ந்தது உண்மை, படித்துக்கொண்டிருந்தேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோதும் எத்தனையோ பாத்திரங்கள் தீய்ந்தன, அப்போது எல்லாரும் அதற்கு, அவ படிக்கிறா என்று பெயர் வைத்தார்கள், இப்போது அதற்கே நோயின் பெயரை வைக்கிறீர்கள். இருந்தாலும் சான்றில்லாமல் வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை, ஆகவே நானே போய் மருத்துவரைப் பார்த்தேன். ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றார், வரைந்தேன். சில சொற்களைச் சொல்லி, வேறு கதை பேசிவிட்டு, அவற்றைத் திருப்பிக் கேட்டார், சொன்னேன், நடுவில் அவர் பேசிய கதையில் இருந்த பிழையையும் சொன்னேன். உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கீங்கம்மா என்றார். 'வயசுக்கு' என்பதை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன், சிரித்துக்கொண்டே அப்படியே சொன்னார். காது கொஞ்சம் மந்தம் என்பதை அவர் கண்டுபிடித்தார், அது எனக்கே தெரியும், சில சமயம் வசதியாகவும் இருக்கிறது. நாளைக்கே நினைவு போகாது என்று நான் எழுதித் தர முடியாது, உனக்கும் எனக்கும் அவருக்கும் யாரும் எழுதித் தர மாட்டார்கள். போகிற நாளில் என்ன செய்வது என்று என்னைக் கேள், இருக்கும்போதே சொல்லி வைக்கிறேன். ஆனால் நான் இருக்கும்போதே நான் இல்லாததைப் போல முடிவு எடுக்காதே. அதற்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன், நீ எத்தனை முறை அழுதாலும் சரி.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது, நானே வாஷர் மாற்றினேன், ஏணியில் ஏறவில்லை, ஆகவே மூச்சை விடலாம். எதிர்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் திரைச்சீலை நிறத்துக்காகப் பேச்சை நிறுத்தி இப்போது நாயின் வழியாகப் பேசிக்கொள்கிறார்கள், நாய் இளைத்துவிட்டது. அத்தை முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அடுத்த பயணத்துக்கு என்ன புடவை என்று கேட்கிறாள், முதுகுப் பக்கம் நல்ல வேலைப்பாடு உள்ளதாகப் பார்த்து வாங்கப் போகிறாளாம். மாப்பிள்ளைக்கு அந்த இருமல் இன்னும் இருந்தால் ஒத்திப்போடாமல் காட்டச் சொல். நீ மேசையிலேயே சாப்பிட்டுவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், வண்டிகள் நசுங்குவது நிற்கப்போவதில்லை, சாப்பிடும்போதாவது அவற்றைப் பார்க்காதே. என்னை நினைத்துத் தூக்கம் கெடுகிறது என்றாய். அது பாசம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை. அதைக் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும் கட்டடமாக மாற்றி எனக்கு அனுப்பாதே, வேறு எந்த உருவத்தில் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அந்த மேலாளர் பெண்ணிடம் பேசி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொண்ணுகிட்ட கேக்கணுமே அம்மா என்று இழுத்தாள், கேளுங்கள், அவள் பெயரையும் அன்று என்ன கிழமை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றேன். இரண்டு கடற்கரைப் படங்களையும் என் பழைய துறைக்கு அனுப்பினேன். இப்போது துறைத்தலைவியாக இருப்பவள் என் மாணவி, நடைமேடையில் ரயிலைத் தவறவிட்டவள் போலப் பதறிக்கொண்டு போன் செய்து, இந்த மாதிரி இன்னும் இருக்கா மேடம், எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க என்றாள். இருக்கிறது. அடுத்தது மலையடிவாரத்தில் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு போகும் பள்ளத்தாக்கு. பழைய படத்தில் அங்கேயும் அளவுக்கு நிற்பது நீதான், பத்து வயது, இரட்டைப் பின்னல், ஒரு பின்னல் அவிழ்ந்து தொங்குகிறது. அடுத்த மாதம் நீ வருவதாகச் சொன்னாய், டிக்கெட்டை ரத்து செய்யாதே. வீட்டை ஒழிக்க வராதே, பள்ளத்தாக்குக்கு வா. காரில் உனக்கு இடம் இருக்கிறது, அத்தைக்குப் பக்கத்தில், அவள் பேச்சைக் கேட்க வேண்டிவரும், அது உன் தண்டனை. உன் உயரத்தை அத்தை நாடா வைத்து அளப்பாள். அதே பாறைக்கு முன்னால் நிற்க வைத்து, திரும்பாதே, அசையாதே என்பேன். வண்டு வந்தால் இம்முறை நான் வந்து தட்டிவிடுகிறேன்.

கண்ணும் கையும் வேலையும் குறையாமல், சிரிப்புக்குப் பஞ்சமில்லாமல், நீயும் மாப்பிள்ளையும் நெடுநாள் நன்றாக வாழுங்கள். ஒன்று மட்டும் நினைவூட்ட வேண்டும். உன் கூடத்தில், அந்தப் படத்துக்குக் கீழே, செத்தவர்களின் பொருளை வைப்பது போல என் சுத்தியலைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாய். வரும்போது அதை எடுத்து வா. கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வை. நீ மறந்துவிடுவாய் என்பதால் இன்னொரு முறையும் எழுதுகிறேன்: சுத்தியல்.

இத்தனையும் தன் கையால் எழுதி, தானே நடந்து போய்த் தபாலில் சேர்க்கும்,
உன் அம்மா